மூன்று மதிப்பெண் குறைந்தால் மறதி முற்றிவிட்டதா? – கேள்வி பதில்

கீழக்கரை வாசகர்: ஓராண்டு இடைவெளியில் வைத்த நினைவுத் தேர்வில் என் வாப்பாவின் மதிப்பெண் முப்பதுக்கு 27-இலிருந்து 24 ஆகிவிட்டது. நோய் முற்றுகிறதா?

இந்த இரண்டு எண்களைக் கொண்டு அப்படிச் சொல்ல முடியாது, ஐயா. தூக்கக் குறைவும் காது மந்தமும்கூட மதிப்பெண்ணை அசைக்கும். உளவியல் ஆய்வாளர்கள் ஜேக்கப்சனும் ட்ருவாக்ஸும் 1991-இல் தந்த நம்பகமான மாற்றக் குறியீடு, அந்த அசைவைத் தாண்டிய மாற்றம்தானா என்று பார்க்கிறது. அவரை ஒத்தவர்களிடம் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 3, மறுதேர்வு நம்பகத்தன்மை (மீண்டும் எழுதும்போது மதிப்பெண் ஒத்துப்போகும் அளவு; முழுமையானால் 1) 0.80 என்று கொள்வோம். ஒரு தேர்வின் அளவீட்டுப் பிழை 1.34, இரு தேர்வுகளிலும் பிழை உண்டு என்பதால் வேறுபாட்டின் பிழை 1.90, மாற்றமே இல்லாதவர்களில் 95 விழுக்காட்டினர் அடங்கும்படி அதை 1.96-ஆல் பெருக்கினால் எல்லை 3.7. மூன்று அதற்குள் அடங்குகிறது. ஆனால் மாற்றமே இல்லை என்பதற்கு இது சான்றாகாது. மருந்தை மறக்கிறாரா, பணக் கணக்கில் தடுமாறுகிறாரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மண்டபம் ஆசிரியை: மறுக்கிறேன். இரண்டாம் முறை எழுதுபவருக்குப் பழக்கத்தால் மதிப்பெண் கூடுமே? அதைக் கணக்கில் எடுக்காமல் “அடங்குகிறது” என்பது சரியா?

சரியான மறுப்பு, அம்மா. 1993-இல் செலூனும் உடனிருந்தோரும் குறியீட்டை இதற்காகவே திருத்தினார்கள். ஒப்பீட்டுக் குழு மறுதேர்வில் சராசரியாக 1 மதிப்பெண் ஏறியிருந்தால், வாப்பாவின் மூன்று மதிப்பெண் இறக்கம் நான்காகி எல்லையைத் தாண்டும். ஆனால் அந்த ஏற்றம் அதே இடைவெளியில், ஒத்த வயதும் படிப்பும் உள்ளவர்களிடம் அளக்கப்பட்டதாக இருக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் ஒரு வாரத்தில் பெற்ற ஏற்றத்தை, ஓராண்டு கழித்து வரும் முதிய மீனவருக்குப் பொருத்தக் கூடாது.

ஆசிரியை: அத்தகைய குழுவே கிடைக்காவிட்டால்?

கிடைக்காத எண்ணைக் கடன் வாங்காமல், முடிவைத் தள்ளிவைத்து மூன்றாவது அளவீட்டைப் பெறுங்கள்.

பாம்பன் ஆய்வு மாணவர்: தேர்வின் கையேட்டில் ஆல்பா என்னும் நம்பக எண் 0.90 என்றுள்ளது. நம்பகத்தன்மைக்கு அதையே போடலாமா?

கூடாது. ஆல்பா ஒரே அமர்வில் கேள்விகள் தமக்குள் ஒத்துப்போவதைக் காட்டுகிறதே தவிர, நாள் மாறும்போது மதிப்பெண் நிலைப்பதைக் காட்டாது. 0.90-ஐப் போட்டால் எல்லை 2.6-ஆகச் சுருங்கி, அதே மூன்று மதிப்பெண் இறக்கம் உறுதியான சரிவாகத் தோன்றிவிடும்.

அதே மாணவர்: சங்கு குளிப்போரில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கு மட்டும் பயிற்சி தந்தோம். பெரும்பாலோர் ஏறிவிட்டார்கள்.

பயிற்சியே இல்லாமலும் ஏறியிருக்கக்கூடும். கடைசியில் நின்றவர்களைப் பொறுக்கி எடுத்தால், அடுத்த அளவீடு சராசரியை நோக்கி நகர்வது இயல்பு. பயிற்சி பெறாத இணைக் குழு இல்லாமல் வெற்றி என்று எழுதாதீர்கள்.

தொண்டி வாசகர்: பத்துத் தேர்வுகளில் ஒன்று மட்டும் எல்லை தாண்டியது. இது சரிவுதானா?

அவை ஒன்றையொன்று சாராதவை என்றால், ஒவ்வொன்றிலும் தற்செயலாகத் தாண்டும் வாய்ப்பு 5 விழுக்காடே என்றாலும், மாற்றமே இல்லாதவருக்கும் ஒன்றாவது தாண்டும் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு.

இராமேஸ்வரம் வாசகர்: பொதுவாக எத்தனை மதிப்பெண் குறைந்தால் ஆபத்து?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. முதல் பதிலையும் ஆசிரியைக்குத் தந்த பதிலையும் படித்துவிட்டு, உங்கள் தேர்வின் பெயரையும் இடைவெளியையும் எழுதுங்கள்.

தேவிபட்டினம் வாசகர்: நினைவாற்றலுக்கு எந்த மாத்திரை நல்லது?

அது என் துறையன்று. நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள்.