ஆதென்ஸ் நகரத்து நால்வர்

கேள்வி: கல்லூரி நாட்களில் ஒலிநாடா தேயத் தேயக் கேட்ட பாடல், ஆர்.இ.எம். குழுவின் ‘லூசிங் மை ரிலிஜியன்’. அமெரிக்கத் தென்மாநிலத்து ஊர் ஒன்றில் உருவான அந்தக் குழு எப்படி வளர்ந்தது? அந்தப் பாடல் உண்மையிலேயே மதத்தைப் பற்றியதுதானா?
– மதுரை வாசகர் ஒருவர்

பதில்: ஜார்ஜியா மாநிலத்தின் பல்கலைக்கழக நகரமான ஆதென்ஸ்தான் அவர்களுடைய ஊர். பி-52ஸ், பைலான் ஆகிய குழுக்கள் அவர்களுக்கு முன்பே அங்கிருந்து கிளம்பியிருந்தன. இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த பீட்டர் பக்கும், அந்தக் கடைக்கு வந்துபோன ஓவிய மாணவர் மைக்கேல் ஸ்டைப்பும் ஒரே வகை இசையை விரும்பியதால் நண்பர்களானார்கள். மேக்கன் நகரில் பள்ளிப் பருவம் முதலே சேர்ந்து வாசித்துவந்த மைக் மில்ஸும் டிரம்ஸ் கலைஞர் பில் பெரியும் அவர்களோடு இணைந்தார்கள். 1980 ஏப்ரல் 5 அன்று, வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில் நடந்த பிறந்தநாள் விருந்தில் நால்வரும் முதன்முதலாக வாசித்தார்கள். பக்கும் ஸ்டைப்பும் அப்போது குடியிருந்த இடமே அதுதான். குழுவுக்கு அன்று பெயர்கூட இல்லை. அகராதியைப் புரட்டிப் பின்னர் எடுத்த பெயர்தான், உறக்கத்தில் கண்கள் வேகமாக அசையும் நிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கமான ஆர்.இ.எம்.

1983-இல் வந்த ‘மர்மர்’ அவர்களுடைய முதல் முழு ஆல்பம். தென்மாநிலங்களில் மரம், வீடு, கம்பம் எதையும் விடாமல் படர்ந்து மூடும் குட்சு கொடிதான் அதன் அட்டைப்படம்; இசையும் அப்படியே. பக் கிட்டார் தந்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்ட, மில்ஸின் பேஸ் கிட்டார் தனி மெட்டாகவே ஓட, இவற்றுக்கிடையே சொற்கள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் ஸ்டைப்பின் குரல் கேட்கும். மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ உலகை ஆட்டிவைத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டில், ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது ‘மர்மர்’ஐத்தான். அதன்பின் 1988 வரை ஆண்டுக்கு ஓர் ஆல்பம், கல்லூரி வானொலிகளின் ஆதரவு, ஊர் ஊராகக் கச்சேரி என்று படிப்படியாகத்தான் வளர்ந்தார்கள். ஒரே பாடலால் ஒரே இரவில் வந்த புகழ் அன்று அது.

குழு குலையாமல் நின்றதற்கு, அவர்கள் தொடக்கத்திலேயே செய்துகொண்ட ஏற்பாட்டைத்தான் நான் முதற்காரணமாகச் சொல்வேன். மெட்டு யாருடையதாக இருந்தாலும் பாடலின் உரிமை நால்வர் பெயரிலும் சமமாக இருக்கும். ஒருவர் வேண்டாம் என்றால் அந்தக் காரியம் நடக்காது. பணத்தாலும் பெயராலும் எத்தனையோ குழுக்கள் உடைந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இனி உங்கள் பாடல். புதிதாக வாங்கிய மாண்டலினைத் தொலைக்காட்சி பார்த்தபடியே பழகிக்கொண்டிருந்த பக், அதை ஒலிநாடாவில் பதிவுசெய்து வைத்து மறுநாள் கேட்டபோது, கற்றுக்குட்டித் தடுமாற்றங்களுக்கு நடுவே இந்த மெட்டு இருந்தது. தலைப்போ தென்மாநிலப் பேச்சுவழக்கு; பொறுமை எல்லை கடந்து நிதானம் தவறும் நிலையைக் குறிக்கும். ஆகவே இது மதத்தைப் பற்றியது அன்று, கைகூடாத ஒருதலைக் காதலின் பாட்டு. 1991-இல் இது வெளிவந்தபோது இதன் காணொளியை இயக்கியவர், இந்தியாவில் பிறந்த தர்சேம் சிங்.

1995 மார்ச் 1 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், மேடையிலேயே பெரிக்கு மூளை இரத்தக்குழாய் வெடித்தது. அறுவை சிகிச்சைக்குப்பின் அவர் மீண்டு வந்தாலும், 1997-இல் குழுவிலிருந்து விலகினார்; தாம் போவதால் குழு கலையுமென்றால் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் விலகினார். எஞ்சிய மூவர் மேலும் ஐந்து ஆல்பங்கள் வெளியிட்டார்கள். அவற்றில் நல்ல பாடல்கள் உண்டு. ஆனால் அந்தப் பழைய பிணைப்பை என்னால் அவற்றில் கேட்க முடியவில்லை. 2011 செப்டம்பரில், சண்டையின்றிக் குழுவைக் கலைத்தார்கள். 2024-இல் நியூயார்க்கில் நடந்த ஒரு பாராட்டு விழாவில் நால்வரும் சேர்ந்து வாசித்தது நீங்கள் கேட்ட இந்தப் பாடலைத்தான்.

கேள்வி: இவர்களுடைய ஆல்பங்களில் எதை முதலில் கேட்கலாம்?
– நாகர்கோவில் வாசகி ஒருவர்

பதில்: 1992-இல் வந்த ‘ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்’. ஆதென்ஸில் உள்ள ஓர் உணவகத்தின் வாசகத்தையே ஆல்பத்துக்குப் பெயராக வைத்தார்கள். அதில் ‘நைட்ஸ்விம்மிங்’ பாடலை இரவில் தனியாகக் கேளுங்கள். கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. மில்ஸின் பியானோ சுற்றிச் சுற்றி வர, ஸ்டைப் பாட, பாதிக்குமேல் ஓபோ என்னும் குழல் கருவி மெல்லச் சேரும்.