இசைச் சிகிச்சைப் பேராசிரியர் என்பவர் யார், என்ன செய்வார்?

நோயாளியின் பேச்சு, நடை, மனநிலை ஆகியவற்றை மீட்க இசையைப் பயன்படுத்துவதே இசைச் சிகிச்சை. அதைப் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவரும் ஆராய்பவரும் இந்தப் பேராசிரியர். பெரும்பாலும் சில ஆண்டுகளாவது நோயாளிகளோடு பணியாற்றிய பிறகே வகுப்பறைக்கு வருவார். அந்த அனுபவம்தான் இத்தொழிலின் உயிர் என்பேன். இத்துறையின் முதல் பட்டப்படிப்பு 1944இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது.

இசை ஏன் உதவுகிறது? பக்கவாதத்தால் பேச்சிழந்த சிலர், சொல்ல முடியாத சொற்களையும் பாடிவிடுவார்கள். மூளையில் பாட்டு, பேச்சின் பாதையை மட்டும் நம்பியிருப்பதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதி அடைபட்டால் ஓட்டோ பக்கத்துக் கடற்கரை வீதியான மரைன் டிரைவால் போய்ச் சேருகிறதே, அதுபோல.

வீணையோ வயலினோ நன்றாக வாசித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உளவியலும் உடலியலும் மேற்பார்வையில் பெற்ற சிகிச்சைப் பயிற்சியும் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது.