வெள்ளக்கோடும் ஒரு வேலையும்

அன்புள்ள ஐயா,

நான் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். சிவில் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. டர்பன் மாநகராட்சியின் மழைநீர் வடிகால் பிரிவில் ஒரு வேலைக்கு வரும் வியாழக்கிழமை நேர்காணல். தனியார் நிறுவனம் ஒன்றும் கூப்பிடுகிறது, அங்கே சம்பளம் அதிகம். அரசு வேலையில் நம்மவர்களுக்கு மேலே போக வழியில்லை என்கிறார் அப்பா. என் குழப்பம் வேறு. பூமிக்கு 450 கோடி வயது. எத்தனையோ பனியுகங்கள் வந்து போய்விட்டன. மனிதன் நேற்று வந்தவன், நாளை போகப்போகிறவன். பருவநிலை மாறத்தான் செய்யும். இதில் நான் ஒரு மேசையில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பதால் என்ன ஆகிவிடும்? இந்தப் பூமியில் மனிதனின் இடம்தான் என்ன?

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று காலையில் ஸ்பிரிங்ஃபீல்டில் உம்கேனி ஆற்றங்கரையில்தான் நின்றுகொண்டிருந்தேன். மழைக்காலம் தொடங்கினால் ஒருமுறை அங்கே போய்விட்டு வருவேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

சம்பள விஷயத்தை உன் அம்மாவிடம் பேசிக்கொள். வீட்டுக் கணக்கு அவருக்குத்தான் தெரியும். அப்பா சொல்வதில் ஒரு தலைமுறையின் காயம் இருக்கிறது, அதை நான் தள்ளவில்லை. ஆனால் இந்த ஊரின் சாக்கடையை வாரி, குப்பையை அள்ளி, மேகசின் பாரக்ஸ் என்ற மாநகராட்சித் தொழிலாளர் லைன் வீடுகளில் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் நம்மவர்கள். அந்தத் தெருக்களின் வரைபடம் இருந்த அறைக்குள் அவர்கள் காலெடுத்து வைக்க முடியாத காலம் அது. இன்று அந்த அறையிலிருந்து உனக்கு அழைப்பு வந்திருக்கிறது. எவ்வளவு மேலே போகலாம் என்று உள்ளே நுழைவதற்கு முன்பே கணக்குப் போடாதே.

450 கோடி ஆண்டு சமாச்சாரத்துக்கு வருவோம். அதை இரண்டு முறை படித்தேன். கோபம் வந்தது. படித்த பிள்ளை எழுதுகிற பேச்சா அது? பனியுகம் ஏறி இறங்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. நாமோ காற்றில் இருக்கும் கரியமில வாயுவை, பத்து லட்சத்தில் 280 பங்கு என்றிருந்ததை, இரண்டு நூற்றாண்டுகளுக்குள் 420க்கு மேலே ஏற்றிவிட்டோம். ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அந்த ஈரம் எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும்? 2022 ஏப்ரல் 11ஆம் தேதி ராத்திரி நம் தலையில் கொட்டியது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல். இந்த மாகாணத்தில் 430 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே உடைந்து, ஜனங்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்கள். அந்த வரிசையில் போய் நின்று, மனிதன் நேற்று வந்தவன் என்று சொல்லிப் பார். சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும். நீ நல்ல பிள்ளை. மனசு சோர்ந்துபோய் எழுதியிருக்கிறாய்.

ஸ்பிரிங்ஃபீல்டைப் பற்றிச் சொல்கிறேன். இன்று அங்கே கடைகளும் கிடங்குகளும். ஒரு காலத்தில் கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்த நம் ஆட்கள் ஆற்றோரத் தாழ்நிலத்தில் காய்கறி போட்ட இடம். 1917 அக்டோபர் 28ஆம் தேதி உம்கேனி பொங்கி அந்தத் தோட்டங்களை மூழ்கடித்தது. கடலில் வலை இழுக்கும் ஆறு பேர், பெரும்பாலும் நம் தமிழ் ஆட்கள், படகை ஆற்று வெள்ளத்தில் தள்ளிக்கொண்டு போய் 175 பேர் வரைக்கும் கரை சேர்த்தார்கள். படவட்டான் என்ற குடும்பப் பெயரில் அவர்களை இந்த ஊர் இன்றும் நினைக்கிறது. நினைக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு நினைவுக் கூட்டத்திலும் எனக்கு ஒன்று உறுத்தும். 1917க்கு அப்புறமும் அதே தாழ்நிலத்தில் ஜனங்கள் இருந்தார்கள். தகரக் கொட்டகைகள் வந்தன, டின் டவுன் என்று பேர் வந்தது. 1976இல் அதே ஆறு அதே இடத்துக்குத் திரும்ப வந்தது. நடுவில் 59 வருடம். அத்தனை வருடத்தில் ஒரு வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, இதற்குக் கீழே யாரையும் குடிவைக்காதே, இருப்பவர்களுக்கு மேட்டில் வீடு கொடு என்று எழுத ஒருத்தருக்கும் கை வரவில்லை. படகுக்காரனின் வீரத்தைப் பாடுகிறோம். படகே தேவைப்படாமல் செய்திருக்க வேண்டிய கையை யாரும் கேட்பதில்லை.

அந்தக் கோட்டுக்கு இன்று சட்டம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டப்படி, புதிய குடியிருப்பின் வரைபடத்தில் நூறாண்டு வெள்ளக்கோட்டைக் காட்டியாக வேண்டும். பேரைக் கேட்டதும் நூறு வருடத்துக்கு ஒருமுறைதானே என்று ஜனங்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். அப்படி இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. முப்பது வருடக் கடனில் வீடு வாங்குகிறவனுக்கு, கடன் அடைவதற்குள் அந்த வெள்ளத்தைப் பார்க்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதுவும் பழைய மழையை வைத்துப் போட்ட கணக்கு. 2022 மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், முன்பு நாற்பது வருடத்துக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய மழை இப்போது இருபது வருடத்துக்கு ஒருமுறை என்று கண்டார்கள். அதாவது கோடு தானாக மேலே ஏறிவிட்டது, காகிதத்தில் மட்டும் பழைய இடத்திலேயே கிடக்கிறது. அதை யார் திருத்துவது? புது மழைக்கணக்கை எடுத்து, ஆற்றின் குறுக்களவை மறுபடி அளந்து, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் கல்வெர்ட்டின் அடைப்பைப் பார்த்து, பணமும் செல்வாக்கும் உள்ள ஒருவரின் விண்ணப்பத்தில் "முடியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது யார்? மனிதனின் இடம் என்ன என்று கேட்டாயே, அந்தக் கோட்டுக்கு மேலேதான் அவனுடைய இடம். அதைப் போடும் மேசையைத்தான் நீ வேண்டாம் என்கிறாய்.

மேசை வேலை என்று இளப்பமாக எழுதினாய். டெப்ரா ராபர்ட்ஸ் இதே மாநகராட்சியின் அலுவலராக இருந்தவர். அவர் இணைத்தலைவராக இருந்த, ஐ.நா.வின் பருவநிலை அமைப்பான ஐபிசிசியின் குழு எழுதிய அறிக்கை 2022 பிப்ரவரி 28ஆம் தேதி வெளிவந்தது. ஆறு வாரத்தில் அவருடைய சொந்த ஊரே மூழ்கியது. அறிக்கை எழுதி என்ன பயன் என்று நீ கேட்கலாம். பால்மியட் ஆற்றங்கரையில் குவாரி ரோடு குடிசைப் பகுதிக்குப் போய்க் கேள். அங்கே குடியிருப்பவர்களும் மாநகராட்சி ஆட்களும் பல்கலைக்கழகத்தாரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். மழை எச்சரிக்கை வந்ததும் செய்தி போனது, ஜனங்கள் மேட்டுக்கு ஏறினார்கள். வீடுகள் போயின, பல உயிர்கள் தப்பின. அந்த ராத்திரி தூங்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் மாதச் சம்பளக்காரர்கள்தான்.

டின் டவுனில் என் ஆயா இருந்தாள். 1976இல் எனக்கு எட்டு வயது. வீடு போனவர்களை ஃபீனிக்ஸில் குடியேற்றியபோது அவளும் போனாள். லாரியில் ஏற்றியது ஒரு மர அலமாரி மட்டும். சாவித்துளைக்கு ஒரு சாண் மேலே அதில் பழுப்பாக ஒரு கறை, தண்ணீர் நின்ற மட்டம். பெயர் எழுதிக்கொள்ள வந்த ஒரு அலுவலரை ஆயா கையைப் பிடித்து இழுத்துவந்து, "இதையும் எழுதிக்கோ சாமி" என்று அந்தக் கறையைக் காட்டினாள். அவர் தலைகளை மட்டும் எண்ணி எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்பா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போனபோது ஆயா விடவில்லை. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கறைக்கு மேலே ஒரு மஞ்சள் பொட்டு வைப்பாள். "ஆத்தா இதுக்கு மேல ஏறல."

வியாழக்கிழமை நேர்காணலுக்குப் போ. புதன்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஸ்பிரிங்ஃபீல்டில் ஆற்றோரமாக நடந்துவிட்டுப் போ. கேள்வி கேட்பவர்களிடம் அங்கே பார்த்ததைச் சொல்.

அலமாரி இப்போது என் வீட்டில் இருக்கிறது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரு நாள் வா. வரும்போது அளக்கிற டேப் கொண்டு வா.