பக்கியின் பின்பக்கம் தாழ்ந்தால் ஸ்ப்ரிங் பார் ஹிட்ச் வாங்கலாமா?

கேள்வி (சாட்ஸ்வர்த் வாசகர்): டபுள் கேப் பக்கியில் (பிக்கப் வண்டி) கேரவனை (பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) மாட்டினால் பின்பக்கம் இறங்கி, ஹெட்லைட் மர உச்சியைப் பார்க்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (பின்னால் இறங்கும் எடையை ஸ்ப்ரிங் பார் என்ற நீள இரும்புக் கம்பிகளால் முன் சக்கரங்களுக்கும் பகிரும் இணைப்பு) போடச் சொல்கிறார். டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குக் கிளம்புவதற்குள் வாங்கிவிடலாமா? எந்த அளவு?

பதில்: அளவு இருக்கட்டும், முதலில் கேரவனின் பிரேக்கைப் பாருங்கள். கப்ளிங்குக்கு (பக்கியின் டோ பால் எனும் இழுவைக் குண்டில் பூட்டும் கேரவன் முனை) பின்னால் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருந்தால் அது ஓவர்ரன் பிரேக். இங்கே தென்னாப்பிரிக்காவில் விற்ற கேரவன்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். பக்கி வேகம் குறையும்போது கேரவன் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலில் ஷாஃப்ட் உள்ளே சறுக்கி பிரேக் கம்பியை இயக்கும். ஸ்ப்ரிங் பார்களைச் சங்கிலி போட்டு ஏ-ஃபிரேமோடு (கேரவனின் முன்னே நீளும் முக்கோணச் சட்டம்) இறுக்கிவிட்டால் அந்தச் சறுக்கல் தடைபடும். பிரேக் தாமதமாகப் பிடிக்கும். அல்லது பிடித்தது விடாமல் டிரம் கொதிக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் இறக்கத்தில் இரண்டுமே ஆபத்து. ஆகவே ஓவர்ரன் பிரேக் என்றால் உங்களுக்கு இந்த ஹிட்ச் வேண்டாம்.

மைத்துனர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே பெரும்பாலான டிரெய்லர்களில் எலெக்ட்ரிக் பிரேக்; அது மின்சாரத்தால் பிடிப்பதால் சறுக்கல் தேவையில்லை. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை டோ பாலின் மேல் இறங்கும். அந்த ஊர் டோ பால் பெரும்பாலும் 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ.; நம் கப்ளிங் 50 மி.மீ. டோ பாலுக்கானது. இந்தச் சின்ன வித்தியாசத்திலேயே கப்ளிங் சரியாகப் பூட்டாமல் போகலாம்.

உங்கள் பக்கி ஏன் தாழ்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. பின் ஆக்ஸிலிலிருந்து டோ பால் 1.2 மீட்டர் பின்னால், வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களின் இடைவெளி) 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நோஸ் வெயிட் (கேரவன் டோ பாலின் மேல் இறக்கும் எடை) 100 கிலோ என்றால் முன் ஆக்ஸிலில் 40 கிலோ குறையும், பின் ஆக்ஸிலில் 140 கிலோ ஏறும். பின்னிலேயே கூலர் பாக்ஸ், ஜெனரேட்டர், விறகு எல்லாம் ஏற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

நோஸ் வெயிட்டை வீட்டிலேயே அளக்கலாம். பயணத்துக்கான சாமானோடு சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். குளியலறைத் தராசின் மேல், வழக்கமான டோ பால் உயரத்துக்கு வெட்டிய மரத்துண்டை நிறுத்தி, கப்ளிங்கை அதில் இறக்கி ஜாக்கி வீலை (கேரவனின் முன்பக்கத்தைத் தாங்கும் சிறு சக்கரம்) மேலே தூக்குங்கள். கப்ளிங், டோபார் (டோ பாலைத் தாங்கும் சட்டம்), பக்கி மூன்றுக்கும் குறித்துள்ள வரம்புகளில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. மீறினால் கேரவனின் முன்பெட்டியில் இருப்பதை ஆக்ஸிலுக்கு மேல், தரையோடு தரையாக நகர்த்துங்கள். கேரவனின் பின்கோடியில் போடவே கூடாது. நோஸ் வெயிட் குறைந்ததுபோலக் காட்டும், ஆனால் வாலாட்டம் (கேரவன் பக்கவாட்டில் ஆடுவது) அங்கேதான் பிறக்கிறது.

கேள்வி (டொங்காட் வாசகர்): என் கேரவனில் எலெக்ட்ரிக் பிரேக். 2,400 கிலோ, நோஸ் வெயிட் 250 கிலோ. வண்டியில் ஹிட்சைச் செருகும் சதுரக் குழாய் ரிசீவர் உண்டு. ஸ்ப்ரிங் பார் எப்படித் தேர்வது?

பதில்: வண்டியின் கையேடு இந்த ஹிட்சை அனுமதிக்கிறதா என்று பாருங்கள், சில கம்பெனிகள் தடுக்கின்றன. 250 கிலோ நோஸ் வெயிட் ரிசீவரின் வரம்புக்குள் இருக்கவும் வேண்டும். ஹிட்ச் எடையைப் பகிருமே தவிர, அந்த வரம்பைக் கூட்டாது.

பிறகு 250 கிலோவோடு வண்டியின் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருக்கும் சாமானையும் கூட்டுங்கள். அது 60 கிலோ என்றால் 310. அதற்கு 800 பவுண்டு, அதாவது சுமார் 360 கிலோ பார் போதும். பெரியதாக இருக்கட்டுமே என்று 1,200 பவுண்டு போட்டால் விறைப்பாக நின்று ஏ-ஃபிரேமையும் ரிசீவரையும் வதைக்கும்.

பொருத்தும்போது முன் மட்கார்டின் உயரத்தைத் தரையிலிருந்து மூன்று முறை அளக்க வேண்டும். கேரவன் இல்லாமல் 860 மி.மீ., பார் இல்லாமல் மாட்டியதும் 890 என்றால், பார் போட்டபின் 860-க்கும் 875-க்கும் நடுவே வர வேண்டும். 860-க்குக் கீழே போனால் பின்சக்கரத்தின் பிடி குறையும். சங்கிலியில் ஒரு கண்ணியைத் தளர்த்துங்கள்.

கழற்றும்போது கவனம். கப்ளிங் பூட்டியிருக்கும்போதே ஜாக்கி வீலால் முன்பக்கத்தைத் தூக்கி, பாரின் விசை தளர்ந்த பின்பே கொக்கியை விடுவியுங்கள். இல்லாவிட்டால் சங்கிலியை இறுக்கும் கைப்பிடி எகிறி எலும்பை முறிக்கும்.

கேள்வி (பீனிக்ஸ் வாசகர்): ஹிட்சுக்குப் பதில் ஏர் பேக் (பின் ஸ்ப்ரிங்குக்குத் துணையாகப் பொருத்தும் காற்றுப் பை) போடலாமா?

பதில்: பின்பக்கம் உயரும், ஹெட்லைட் நேராகும். முன் ஆக்ஸிலில் குறைந்த எடை திரும்பி வராது. அழகுக்குப் போதும், ஸ்டியரிங் பிடிப்புக்குப் போதாது.

கேள்வி (வெருலம் வாசகர்): என்3 சாலையில் லாரி தாண்டும்போது கேரவன் ஆடுகிறது. என்ன செய்வது?

பதில்: ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள். எலெக்ட்ரிக் பிரேக் என்றால் கன்ட்ரோலரில் கேரவன் பிரேக்கை மட்டும் கையால் கொடுங்கள். ஆட்டம் நின்றதும் ஒதுங்கி நிறுத்தி, பின்கோடியில் என்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்.