உப்பு விளக்குக்கு எந்த பல்ப்? – கேள்வி பதில்

உப்புப் பாறைக் கல்லைக் குடைந்து உள்ளே பல்ப் வைத்ததுதான் உப்பு விளக்கு. அதைப் பற்றி வன்னி உறவுகள் கேட்டவற்றுக்கு, வீட்டு மின்வேலை செய்பவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

கேள்வி (முல்லைத்தீவு): அண்ணா, மாரி தொடங்கியதிலிருந்து எங்கள் உப்பு விளக்கின் அடியில் தண்ணீர் தேங்குகிறது. 3 கிலோ விளக்கு, உள்ளே 3 வாட் எல்.ஈ.டி. விளக்கு பழுதாகிவிட்டதா?

பதில்: விளக்கில் பழுதில்லை தங்கச்சி, பல்பை மாற்றுங்கள். காற்றின் ஈரப்பதன் சுமார் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். மாரியில், அதுவும் உங்கள் கடற்கரைப் பக்கத்தில், அந்த அளவை எட்டுவது சாதாரணம். கல் இளஞ்சூடாக இருந்தால் அதன் மேல் நீர் படியாது. அந்தச் சூட்டை எல்.ஈ.டி. தராது. உள்ளே கம்பி இழை சூடாகி ஒளிரும் பழைய இழை பல்ப்தான் தரும். வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கை அது வெப்பமாகவே விடுகிறது. வீட்டு வெளிச்சத்துக்கு அது வீண், உப்பு விளக்குக்கோ அதுதான் தேவை. 15 வாட் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கல்லைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக் கூடாது.

மாற்றுமுன் பிளக்கைக் கழற்றிவிட்டு ஹோல்டருக்குள் பாருங்கள். பித்தளையில் பச்சை படிந்திருந்தால் சுரண்டிப் பாவிக்க வேண்டாம். வயரோடு சேர்த்துப் புதிதாக மாற்றுங்கள். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். பிள்ளைகள் தொடும் பொருள் இது.

கேள்வி (கிளிநொச்சி): கடைகளில் எல்.ஈ.டி. மட்டுமே இருக்கிறது. என்ன கேட்டு வாங்குவது?

பதில்: குளிர்சாதனப் பெட்டிக்குப் போடும் 15 வாட் இழை பல்ப் கேளுங்கள். திருகு 14 மில்லிமீட்டர், அதாவது ஈ14 என்று பார்த்து வாங்குங்கள். வீட்டுக் கூரையில் மாட்டும் பின் பல்ப் பொருந்தாது.

கேள்வி (புதுக்குடியிருப்பு): கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்த விளக்கு. அடாப்டர் போட்டுக் கொளுவலாமா?

பதில்: கூடவே கூடாது தம்பி. அங்கே 120 வோல்ட், இங்கே 230. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டைக் குறைக்காது. போட்ட உடனே இழை அறுந்துவிடும், கண்ணாடி வெடிக்கவும் கூடும். அங்கத்தைய ஹோல்டர் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் என்பதால் நம் பல்ப் அதில் ஏறாது. கல்லை வைத்துக்கொண்டு, 230 வோல்டுக்கான வயரும் ஹோல்டரும் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி (வவுனியா): எங்களுடையது 6 கிலோ. 40 வாட் போடலாமா?

பதில்: 25 வாட் போதும். ஹோல்டரில் அச்சிட்டிருக்கும் அளவை ஒருபோதும் தாண்டாதீர்கள்.

கேள்வி (மாங்குளம்): மின்கட்டணம் கூடாதா? உப்பு விளக்கு மூச்சு இளைப்புக்கு நல்லது என்கிறார்களே?

பதில்: 15 வாட் இரவு பகலாக எரிந்தாலும் மாதம் சுமார் 11 யூனிட்தான். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் வறண்ட நாட்களில் அணைத்து வைக்கலாம். இளைப்புக்கு உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை அக்கா. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மாரியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதென்றால் விளக்கு ஆறிய பிறகு துடைத்து, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வையுங்கள்.