பரோக் சோப்ரானோவாக வாழ முடியுமா?

கேள்வி: வயது 22. சென்னையில் சர்ச் கொயரில் சோப்ரானோ (பெண் குரலில் மிக உயர்ந்த வகை) பாடுகிறேன். டிரினிட்டி எட்டாம் கிரேடு முடித்துவிட்டேன். ‘உன் குரல் சன்னம், ஆப்பராவுக்கு எடுபடாது, பரோக் பக்கம் போ’ என்கிறார் என் ஆசிரியை. பாக், ஹேண்டல் என்றால் எனக்கு உயிர். ஐரோப்பாவில் படித்து, அதையே தொழிலாகக் கொண்டு பிழைக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்: பிழைக்கலாம். ஆனால் உங்கள் ஆசிரியை சொல்லும் காரணத்துக்காகப் போகாதீர்கள். ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசைதான் பரோக். ஆப்பராவில் எடுபடாத குரல் ஒதுங்கும் இடமல்ல அது. 1724இல் ஹேண்டல் எழுதிய ‘ஜூலியோ செசாரே’ ஆப்பராவில் கிளியோபாட்ராவாக நடிப்பவர் மாலை முழுக்க ஏரியாவுக்கு (தனிக்குரல் பாட்டு) மேல் ஏரியா பாடியாக வேண்டும். அதற்கு முழுமையாகப் பயிற்சி பெற்ற குரல் வேண்டும். நரம்புத் தந்திகள் பூட்டிய அக்கால வயலின்களுக்கு ஓசை குறைவு என்பதால் பாடகர் முழங்கத் தேவையில்லை, உண்மைதான். ஆனால் அதே காரணத்தால் குரலின் சின்னப் பிசிறும் அப்படியே வெளியில் கேட்கும்.

இயேசுவின் கடைசி வேதனைகளைப் பாடும் பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ இசையில் ஓர் இடத்தைச் சொல்கிறேன். ‘சிலுவையில் அறை’ என்று கூட்டம் இரண்டு முறை கூச்சலிடுகிறது. அந்த இரண்டு கூச்சல்களுக்கும் நடுவே, ‘அன்பினால் என் மீட்பர் சாகிறார்’ என்று சோப்ரானோ ஒரு ஏரியா பாடுகிறார். துணைக்கு ஒரு புல்லாங்குழல், இரண்டு ஓபோ ட காச்சா (தாழ்ந்த சுருதியுள்ள ஓபோ வகை). அவ்வளவுதான். கீழே செல்லோ கிடையாது, ஆர்கன் கிடையாது. சுருதியைப் பிடித்து நிறுத்தும் அடிக்குரலான பாஸையே பாக் எடுத்துவிட்டார். நீண்ட சுரம் ஒன்றை மெல்ல எடுத்து, வளர்த்து, அசையாமல் அடக்கும் மூச்சு இல்லாவிட்டால் அங்கே தப்பிக்க வழியே இல்லை. வைப்ரேட்டோவே (குரலின் மெல்லிய அதிர்வு) கூடாது என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். வேண்டும்போது வரவும் வேண்டாதபோது நிற்கவும் அது உங்கள் கைவசம் இருக்க வேண்டும். இதற்குத்தான் சொல்கிறேன்: முதலில் பாட்டையே ஒழுங்காகப் படியுங்கள், பரோக் அதன் மேல் வரட்டும். இளங்கலையில் பொதுவான குரல் பயிற்சி, முதுகலையில் பரோக்கை உள்ளடக்கிய பழம் இசை என்ற வரிசைதான் என் பரிந்துரை.

சிறப்புப் படிப்பில் கூடுதலாக என்ன கிடைக்கும்? முதல் பகுதியை முடிவில் மீண்டும் பாடும் ஏரியாவுக்கு டா கபோ என்று பெயர். அதில் அந்தப் பகுதி திரும்பி வரும்போது, அதே வரியில் புதிய சங்கதிகள் போட வேண்டும். அவை இசைத்தாளில் எழுதியிருக்காது. நீங்களே கட்ட வேண்டும், அடியில் போகும் ஹார்மனியை மீறாமல். தேர்வாளர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது அதைத்தான். சுருதியும் மாறும். பரோக் குழுக்களில் பெரும்பாலும் ‘ஏ’ என்ற சுரம் 440 அல்ல, 415 ஹெர்ட்ஸ், அதாவது அரை சுரம் கீழே. பிரெஞ்சு இசைக்கு 392 வரை இறங்குவதும் உண்டு. தாளில் ஒன்று, காதில் ஒன்று என்று பழகச் சில மாதங்களாவது பிடிக்கும். மொழிகளில் இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு மூன்றும் தவிர்க்க முடியாதவை.

இப்போது தொழில். சோலோயிஸ்டாகவே இறங்கலாம் என்று கனவு காண்கிறவர்கள்தான் இதில் சீக்கிரம் சோர்ந்து போகிறார்கள். பரோக் உலகின் வாசல் கோரஸ். இங்கிலாந்தின் சோப்ரானோ எம்மா கிர்க்பி ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் படித்து, பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கொயர்களில் பாடிப் பாடியே உலகறிந்த குரலானார். பிரெஞ்சு சோப்ரானோ சாந்த்ரின் பியோ பாரிஸில் ஹார்ப் படித்தவர். பரோக் இசை நடத்துநர் வில்லியம் கிறிஸ்டியைச் சந்தித்த பிறகுதான் பாட்டுப் பக்கம் திரும்பினார். கோரஸில் நிற்பவரை ஒரு சின்ன சோலோவுக்கு முன்னால் அழைப்பார்கள். அது நன்றாக அமைந்தால் அடுத்த முறை பெரியதாக ஒன்று வரும். ஆகவே பார்த்தவுடன் பாடும் திறன் உங்கள் பெரிய முதலீடு. இரண்டு நாள் ஒத்திகையில் மூன்று கான்டாட்டா (குரலும் வாத்தியங்களும் சேர்ந்த பல பகுதிப் படைப்பு) முடிக்க வேண்டிய குழுவுக்கு, அழகான குரலைவிடத் தவறாமல் நுழையும் குரல்தான் முதலில் தேவைப்படுகிறது. சர்ச் கொயரில் நீங்கள் பாடியது இங்கே வீண்போகாது.

வருமானம் கச்சேரிக்குக் கச்சேரி வரும், மாதச் சம்பளம் அல்ல. தவக்காலத்தில் பாடுகள் இசை, டிசம்பரில் ஹேண்டலின் ‘மெசையா’வும் பாக்கின் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோவும், கோடையில் ஹாலே, கெட்டிங்கன், இன்ஸ்ப்ரூக் விழாக்கள். இடைப்பட்ட மாதங்களுக்குப் பாட்டு வகுப்பு எடுத்துத்தான் பலர் ஓட்டுகிறார்கள். நெதர்லாந்தில் பாடுகள் இசைக்கு உள்ள தேவை வியப்பூட்டும். நார்டன் நகரில் ‘மத்தேயு பாடுகள்’ 1922இலிருந்து பாடப்படுகிறது. நிலையான சம்பளம்தான் வேண்டுமென்றால் ஜெர்மனியின் வானொலி கோரஸ்களைப் பாருங்கள். பெர்லினில் 1948இல் தொடங்கிய ரியாஸ் காமர்கோர் பரோக் இசையையும் ஆழமாகச் செய்யும் குழு. இடம் அரிதாகத்தான் காலியாகும். தனித்துத் தொழில் செய்யும் கலைஞர்களுக்கு அந்நாட்டில் ‘க்யூன்ஸ்ட்லர்சோட்சியால்காஸ’ என்ற காப்பீட்டு ஏற்பாடு உண்டு. அதில் சேர்ந்தால் மருத்துவ, ஓய்வூதியக் காப்பீட்டில் ஏறத்தாழப் பாதியை மட்டும் நீங்கள் கட்டினால் போதும். அங்கே பட்டம் பெற்ற பிறகு வேலை தேட 18 மாத அனுமதியும் கிடைக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இவை சாதாரண விஷயங்கள் அல்ல.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள், சுற்றுவட்டாரத்தில் பாடும் வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1933இல் தொடங்கிய ஸ்கோலா கன்டோரும் இத்துறையின் தாய்வீடு, ஆனால் அங்கே தங்கும் செலவு அதிகம். நெதர்லாந்தின் தி ஹேக், ஜெர்மனியின் லைப்சிக், பிரேமன் நகரங்களில் உள்ள பள்ளிகள் நல்லவை. ட்ராசிங்கனும் நல்ல பள்ளி, ஆனால் அது ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1500 யூரோ கட்ட வேண்டும்.

இந்த வருடம் ஜெர்மன் வகுப்பில் சேருங்கள். நீங்கள் குறிவைக்கும் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதி, விண்ணப்பிக்கும் முன்பே ஒரு சோதனை வகுப்பு கேளுங்கள். ஆன்லைனில் கூடத் தருவார்கள். அதற்கு வேகமான ஒன்று, மெதுவான ஒன்று என இரண்டு ஏரியாக்கள் போதும். ஒன்றாவது டா கபோவாக இருக்கட்டும், அதில் சங்கதிகள் உங்களுடையவையாக இருக்கட்டும்.