குலுக்கிப் பார்த்த பனிக்குட நீர்

கேள்வி: 1986-ல் என் பிரசவத்துக்கு முன் வயிற்றில் ஊசி குத்திப் பனிக்குட நீர் எடுத்து, "நுரை நின்றுவிட்டது, பிள்ளை மூச்சு விடும்" என்றார்கள். இப்போது என் மருமகளுக்கு 33 வாரம். சுகர், பிரஷர் இரண்டும் இருப்பதால் முன்கூட்டியே எடுக்க வேண்டி வரலாமாம். நீரைச் சோதிக்காமலே நாலு ஊசி போடுகிறார்களே, சரியா?
‍- வாசகி, தஞ்சாவூர்

பதில்: சரிதான் அம்மா. உங்களுக்குச் செய்தது 'ஷேக் டெஸ்ட்'. அந்த டியூபைக் குலுக்கியவர்களில் நானும் ஒருத்தி. பனிக்குட நீரோடு ஆல்கஹால் சேர்த்து 15 விநாடி குலுக்குவோம். 15 நிமிடம் அசைக்காமல் வைப்போம். விளிம்பைச் சுற்றி நுரை வளையம் அறுபடாமல் நின்றால் நுரையீரல் தயார். மூச்சு விடும்போது காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்கிற வழவழப்பான கொழுப்புப் பொருள். அது பனிக்குட நீரிலும் கசிந்து வரும். அதன் நுரைதான் ஆல்கஹாலுக்கு அசையாமல் நிற்கும்.

ஒருமுறை 31 வாரக் கேஸில் நுரை அமோகமாக நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் சீனியர் மேடம் ஒன்றும் பேசாமல், கழுவி வைத்திருந்த இன்னொரு டியூபில் வெறும் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் காட்டினார். அதிலும் நுரை! டியூபைச் சோப்புப் போகச் சரியாக அலசவில்லை.

நுரை நின்றால் பெரும்பாலும் நம்பலாம். நிற்காவிட்டால்தான் குழப்பம். அப்படிப்பட்ட பிள்ளைகளில் எத்தனையோ பேர் பிறந்ததும் வீரிட்டு அழுதிருக்கிறார்கள். சுகர் உள்ள அம்மாக்களிடம் சோதனை ஏமாற்றுவதும் உண்டு. எல்லாவற்றையும் விட, உங்கள் மருமகளின் பிரஷர் கட்டுக்கு மீறினால், நுரை நிற்கவில்லை என்று காத்திருக்க முடியுமா?

இதில் ஒரு வேடிக்கை. ஷேக் டெஸ்ட்டை ஜான் கிளமென்ட்ஸ் குழுவினர் வெளியிட்டது 1972-ல். அதே 1972-ல்தான் நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹௌவியும், தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குறைமாதக் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படுகிறது என்று காட்டினார்கள். லிகின்ஸ் முதலில் பார்த்தது ஆட்டுக்குட்டியில். ஸ்டீராய்டு செலுத்தியபின் குறைமாதத்தில் பிறந்து, பிழைக்காது என்று நினைத்த குட்டி மூச்சு விட்டதாம். நாங்களோ அதற்குப் பிறகும் வெகுகாலம் டியூபைத்தான் குலுக்கிக்கொண்டிருந்தோம்.

உங்கள் மருமகளுக்குப் போடுவது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டாக இருக்கும்: 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாலு ஊசி. நாலையும் முடிக்க வேண்டும். போட்டதும் சில நாள் சுகர் ஏறும். "நேற்று வரை நன்றாக இருந்ததே" என்று சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். அடிக்கடி சுகர் பார்த்து இன்சுலின் அளவை டாக்டரே மாற்றுவார். அப்புறம், பிரசவம் பார்க்கப்போகும் இடத்தில் பச்சிளம் குழந்தைகள் பிரிவும், மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் சிபாப் (CPAP) கருவியும் இருக்கின்றனவா என்று இன்றே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால், வலி வருவதற்கு முன்பே இருக்கிற இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.